ஆம்பூர் ஓடையில் கண்ட கால்தடங்கள்

நம் நிலவியல் துறையில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல இன்னதுன்னு சொல்றதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்ட கல் எது?" என்று கேட்டாள். அந்த நேரத்துக்கு ஏதோ பதில் சொல்லிச் சமாளித்துவிட்டேன். பஸ் ஏறி சத்துவாச்சாரிக்குத் திரும்பும்போதுதான் உண்மையான பதில் மனத்துக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கும், அவளோடு உட்கார்ந்திருந்த உங்கள் எல்லோருக்குமாக அதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பாறைகளைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் காலடியில் கிடப்பது, பூமியில் எதுவும் ஊர்ந்து நடக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே வெந்து இறுகிய கல். அதில் புதைபடிவம் இருக்க வழியில்லை. ஆனாலும் கல்லைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். சோளிங்கர் பக்கத்திலிருந்து ஒருவர், கல்லுக்குள் செடி பதிந்திருக்கிறது என்று துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மாங்கனீசு கசிந்து கிளைகிளையாகப் படர்ந்த கறை அது. நான் சொன்னதும் அவர் கல்லைத் திரும்பவும் அதே துண்டில், அதே கவனத்தோடு சுற்றி எடுத்துக்கொண்டு போனார். 'இல்லை' என்று சொல்வது நம் வேலையில் பாதி. அதை எப்படிச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, பாலாற்றில் வெகுநாளைக்கப்புறம் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனது. ஆம்பூருக்கு வெளியே பாலாற்றில் சேரும் ஒரு ஓடை அந்த மழையில் கரையை அறுத்துக்கொண்டு, கரையோரத்து வீட்டு வரிசையின் முதுகுவரை வந்துவிட்டது. சில வீடுகளின் பின்சுவர் விழுந்தது. அடுத்த மழைக்குள் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று அவசரமாக வேலை தொடங்கினார்கள். அஸ்திவாரத்துக்காக ஜேசிபி மணலை வாரியபோது அடியில் வெளிறிய நிறத்தில் ஒரு பாறை தெரிந்தது. ஒரு பெரிய கூடத்தின் தரை அளவு இருக்கும். அதன்மேல் கால்தடங்கள் வரிசையாகப் போயின.

பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்த இம்தியாஸ் என்ற இளைஞருக்கு விஷயம் தெரிந்து ஓடிவந்திருக்கிறார். வந்தவர் நேரே ஜேசிபியின் முன்னால் போய் நின்றுவிட்டார். ஆதி மனிதனின் கால்தடம், இதை உடைக்கக்கூடாது என்று போன் மேல் போன் போட்டார். வேலை நின்றது. கூட்டம் கூடியது. யாரோ மஞ்சள் கரைத்துத் தெளித்தார்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து எங்கள் துறைக்கு அழைப்பு வந்தது. என்னை அனுப்பினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. வெயில் நேர்மேலிருந்து அடித்ததில் தடங்கள் வெறும் பள்ளங்களாகத் தெரிந்தன. ஓரத்தில் சுத்தியலால் தட்டினேன். மண்கட்டி மாதிரி உதிரவில்லை, உடைந்தது. ஒரு சொட்டு அமிலம் விட்டேன். நுரைத்துப் பொங்கியது.

"சுண்ணாம்புக் கல் மேடம்!" என்றார் இம்தியாஸ். தூங்காத கண்கள். "இங்க பாருங்க, சிப்பி. கடல் சிப்பி. ஒண்ணு ரெண்டு இல்ல, உள்ள நிறைய இருக்கு. இங்க கடல் இருந்திருக்கு மேடம்."

அவர் காட்டிய இடத்தில் சிப்பி உண்மையாகவே இருந்தது. உடைந்த சின்னச் சின்னத் துண்டுகள். நுரைக்கிற கல், கடல் சிப்பி, கால்தடம். எல்லாமே அவர் பக்கம்தான் பேசின. கடல் இங்கே வந்ததே இல்லை என்று மொத்த மாவட்டத்துப் பாறையும் எதிர்ப்பக்கம் நின்று சொன்னது. இவ்வளவு பெரிய பாறையை ஓடை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டும் வந்திருக்காது. எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

உள்ளூர் சேனல்காரர் மைக்கை நீட்டினார். கிராம நிர்வாக அலுவலர் என் காதருகே வந்து, "மேடம், மேல இருந்து கேட்டுனே இருக்காங்க. ஆமாவா இல்லையா, ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும்" என்றார்.

ஒரு வார்த்தைதான். ஆமாம் என்றால் சுவர் வேலை எத்தனை மாதம் நிற்குமோ தெரியாது. இல்லை என்றால் அன்று மாலைக்குள் பாறை தூளாகிவிடும். இரண்டுமே திருப்பி வாங்க முடியாத வார்த்தைகள்.

"இன்னிக்கு எனக்குத் தெரியல. நாளைக்குக் காலைல வந்து பார்த்துட்டு சொல்றேன்" என்றேன்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அதைப் பிளந்துகொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஷூ கம்பெனியின் நீலக் கோட்டு, கழுத்தில் ஐ.டி. கார்டு. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். எஸ்தர் என்று கார்டில் இருந்தது.

"இன்னா மேடம் நாளைக்கு? ராத்திரி மழ புடிச்சா எங்க ஊடு ஓடையில போய்டும். பின்னாடி செவுரே இல்ல, தார்ப்பாய் கட்டினு படுத்துனு இருக்கோம். ஆயிரம் வருஷத்துக் கல்லா இருந்தா இன்னா, லட்சம் வருஷத்துக் கல்லா இருந்தா இன்னா? நாங்க இன்னிக்கு இருக்கோமே!"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. "ஒரே ஒரு ராத்திரிம்மா. தப்பா சொல்லிட்டா உங்களுக்கும் கஷ்டம்" என்றேன். அவள் விருட்டென்று திரும்பிப் போனாள். தோளில் தொங்கிய டிபன் பை அவள் நடையின் வேகத்தில் இடுப்பில் மோதிக்கொண்டே போனது.

நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 'தெரியவில்லை' என்று சொன்ன பிறகு வரும் இரவு நீளமாகத்தான் இருக்கும். அன்று மழை வந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். மழை வரவில்லை. அது என் திறமை இல்லை.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டேன். இம்தியாஸ் எனக்கு முன்பே வந்து, பாறைமேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்தார். காலை வெளிச்சம் சாய்வாக விழுந்ததில் ஒவ்வொரு தடத்துக்கும் நிழல் இருந்தது. விரல்கள் தெரிந்தன. ஆனால் நான் தடங்களிடம் போகவில்லை. ஜேசிபியின் வாளி பட்டு உடைந்திருந்த விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முந்தின நாள் அந்த விளிம்பு நிழலுக்குள் இருந்தது. இப்போது வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

உடைந்த முகத்திலிருந்து ஏதோ மெல்லியதாக நீட்டிக்கொண்டு காற்றில் அசைந்தது. வேர் என்றுதான் முதலில் நினைத்தேன். இடுக்கியால் பிடித்து இழுத்தேன். கல்லுக்குள்ளிருந்து வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, லென்ஸையும் இடுக்கியையும் இம்தியாஸிடம் கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். விலங்கியல் படித்தவர், ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர். நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

"மாட்டு ரோமம்" என்றார். பிறகு விளிம்பில் விரலை ஓட்டினார். பழுப்பும் வெள்ளையுமாகக் கல் முழுக்க அது இருந்தது. நிமிர்ந்து ஓடையின் மேல்பக்கம் பார்த்தார். அங்கே புதருக்குள் தோல் பதனிடும் பழைய டேனரி ஒன்றின் இடிந்த சுவர் தெரிந்தது.

பச்சைத் தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். குழி கலங்கிப்போனால் முடியும் சுண்ணாம்புமாக வாரி ஓடைக்கரையில் கொட்டுவார்கள். அந்தக் காலத்தில் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு. சரியாக வேகாத கிளிஞ்சல் துண்டுகள் அப்படியே தங்கிவிடும். கொட்டிய சேறு காற்றுப் பட்டுப்பட்டு வருடக்கணக்கில் மறுபடி கல்லாகிவிட்டது. யாரோ அது சேறாக இருந்தபோது அதன்மேல் நடந்திருக்கிறார்கள். பிறகு மணல் மூடியிருக்கிறது.

இம்தியாஸ் பாறையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்டூடன்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மேடம். டிவியில சொல்லிட்டேன். எங்க அம்மி, எம்புள்ள கண்டுபிடிச்சான்னு தெருவெல்லாம் சொல்லினு இருக்காங்க" என்றார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"நீங்க ஜேசிபி முன்னாடி நிக்கலன்னா இத யாரும் பார்த்தே இருக்க மாட்டாங்க, தம்பி. சிப்பிய நீங்கதான் பார்த்தீங்க. நான் பார்க்கல. சிப்பி இருந்தது நிஜம், அது எங்கிருந்து வந்ததுன்றதுதான் வேற."

அவர் தலையை ஆட்டினார். சமாதானம் ஆனமாதிரி தெரியவில்லை. ஆனால் கூட்டம் சேர்ந்து, சேனல்காரர் மைக்கை என்னிடம் நீட்டியபோது, அவர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். "நானே சொல்றேன் மேடம்" என்றார். சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. யாரோ சிரித்தார்கள். "டேனரி குப்பைக்கா சார் மஞ்சத்தண்ணி ஊத்தினோம்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் அதற்கும் நின்று பதில் சொன்னார். என் சர்வீஸில் எத்தனையோ பேர் ஆய்வுக் கட்டுரை வாசித்துக் கேட்டிருக்கிறேன். அன்று அந்தப் பையன் ஓடை மணலில் நின்று சொன்னதைப் போல எதுவும் என் நினைவில் இல்லை.

மைக் போனது, கூட்டமும் கரைந்தது. சாப்பாட்டு நேரத்துக்கப்புறம் ஜேசிபி வேலையைத் தொடங்கலாம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்தேன். பிறகு இம்தியாஸிடம், "பஜார்ல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிடைக்குமா?" என்றேன்.

"எதுக்கு மேடம்? இந்தக் குப்பைக்கா?"

"நடந்தவங்க நடந்தது நிஜம்தானே. உடைக்கறதுக்குள்ள அச்சு எடுத்துடலாம்."

அவர் போய் வாங்கிவந்தார். தடங்களைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தோம். அப்போதுதான் நாங்கள் இருவரும் அந்தத் தடங்களை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். அதுவரை அவை எவ்வளவு பழையவை என்ற கேள்வி மட்டும்தான் எங்களுக்கு இருந்தது.

பெரிய கால்கள் ஒரு வரிசை. செருப்பில்லாத, அகலமான பாதம். அதன் இடப்பக்கத்தில் ஒட்டினாற்போல மிகச் சின்னக் கால்கள் ஒரு வரிசை. பெரியது ஒரு அடி வைப்பதற்குள் சின்னது பல அடி வைத்திருந்தது. பாறையின் நடுவில் சின்னக் கால்கள் நின்றுவிட்டன. நின்ற இடத்தில் அவை பெரிய கால்களைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பெரிய கால்களும் அங்கே சேர்ந்து நின்று, சின்னவற்றின் பக்கம் திரும்பியிருந்தன. பெரியவற்றின் முன்பாதம் அழுந்தியிருந்தது. அதற்கப்புறம் பெரிய கால்கள் மட்டும். முன்னைவிட ஆழமாக.

இம்தியாஸ் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தூக்கியிருக்காங்க மேடம்" என்றார் மெதுவாக.

"ஆழத்த வச்சு மட்டும் சொல்லாதீங்க. அந்த இடத்துல சேறு இளக்கமா இருந்திருக்கலாம்" என்றேன். சொல்லிவிட்டு நானே பாறை முழுக்கத் தவழ்ந்து பார்த்தேன். சின்னக் கால்கள் வேறு எந்தப் பக்கமும் விலகிப் போகவில்லை. திரும்பியும் போகவில்லை. அந்த இடத்தில் அவை தரையைவிட்டுப் போயிருந்தன. சுண்ணாம்புச் சேறு பிஞ்சுக் காலில் எரியும். குழந்தை அழுதிருக்கும். குனிந்து தூக்கியிருக்கிறார்கள்.

பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றிவிட்டு அது இறுகுவதற்காகக் காத்திருந்தோம். அப்போது கரையிலிருந்து எஸ்தர் இறங்கி வந்தாள். அன்றைக்கு லீவு சொல்லியிருக்கிறாள் போல, வீட்டுப் புடவையில் இருந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ. முந்தின நாள் கோபத்துக்குச் சமாதானமாக இருக்கலாம். எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டேனரி சுண்ணாம்புன்னு சார் சொன்னாரே, அது மேலாண்ட இருந்த டேனரியா மேடம்?"

"அப்படித்தான் தோணுது."

"எங்கப்பா அங்கதான் சுண்ணாம்புக் குழியில வேல செஞ்சாரு" என்றாள். "எனக்கு அவரத் தெரியாது. நான் தத்தித் தத்தி நடக்க ஆரம்பிச்சப்பவே செத்துட்டாரு. ஒரு போட்டோகூட இல்ல." தடங்களைப் பார்த்தாள். "எங்கம்மா சாவற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் அவரப் பத்தி சொல்லுவாங்க. பொட்டப் புள்ளன்னு உங்கப்பன் உன்ன ஒரு நாளும் தூக்கினதில்லடின்னு. கோவத்துல இருந்தாலும் அதான், நல்லா இருந்தாலும் அதான்."

நானும் இம்தியாஸும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"அவரு காலும் இதுல இருக்குமா மேடம்?"

நான் பதில் சொல்வதற்குள் இம்தியாஸ் என் பக்கம் சாய்ந்து, அவள் காதில் விழாதபடி, "ஆமான்னு சொல்லிடுங்க மேடம். யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார். கெட்ட மனத்தோடு சொன்னதல்ல அது. எனக்கும் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. வாய்வரை வந்தது.

நான் சொல்லாததற்குக் காரணம் என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முந்தின நாள் அத்தனை பேர் நெருக்கியும் தெரியாது என்று சொன்ன அதே வாய்தான் இது. அதனால்தான் அவள் என்னிடம் வந்து கேட்கிறாள். இப்போது அவளுக்குப் பிரியமானது என்பதற்காக ஆமாம் என்றால், எந்த நம்பிக்கையில் அவள் கேட்டாளோ அதையே எடுத்து அவளை ஏமாற்றுவேன். பொய்யை அவள் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் என்றாவது சமையல் செய்துகொண்டிருக்கும்போது, அந்த மேடம் நம் ஆறுதலுக்காகச் சொல்லியிருப்பாரோ என்று ஒரு நினைப்பு வரும். வந்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதற்காக, ஆதாரம் இல்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து போவதும் நம் வேலை ஆகாது. தெரிந்தது எவ்வளவோ அதை முழுதாகக் கொடுக்க வேண்டும். அதில் ஒன்றைக்கூடக் குறைத்துக் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

"வாங்க, காட்டறேன்" என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பிளாஸ்டர் ஊற்றாமல் விட்டிருந்த தடங்களில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது பெரிய ஆள். இது கூட நடந்த குழந்தை. இங்கே குழந்தை நின்றுவிட்டது. இங்கே பெரியவர் திரும்பிக் குனிந்திருக்கிறார். இங்கிருந்து சின்னக் கால் இல்லை.

எஸ்தர் உட்கார்ந்தாள். சின்னத் தடம் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கை அதை முழுதாக மூடிவிட்டது.

"இது யாருன்னு இந்தக் கல்லுக்குத் தெரியாதும்மா" என்றேன். "அந்த டேனரியில நிறைய பேர் வேல செஞ்சிருப்பாங்க. உங்கப்பான்னு என்னால சொல்ல முடியாது."

"அவரா இல்லாமகூட இருக்கலாம்."

"ஆமாம்."

"அவராவும் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். "இதுவே எனக்கு ஜாஸ்தி மேடம்" என்றாள். "இத்தன வருஷத்துல இருக்கலாம்னுகூட ஒருத்தரும் எனக்கு சொன்னதில்ல."

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாறையைக் காப்பாற்றச் சொல்லி எஸ்தர் கேட்கவில்லை. வீடு நிற்க வேண்டும், சுவர் வர வேண்டும் என்பதில் அவள் மாறவே இல்லை. ஜேசிபிக்காரரிடம் மட்டும், "கொஞ்சம் பார்த்துப் பண்ணுப்பா" என்று சொன்னாள். பார்த்துப் பண்ணுவதற்கு அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் அவர் சரிக்கா என்றார். சுவர் அடுத்த மழைக்குள் எழும்பியது. அச்சு இம்தியாஸின் கல்லூரியில் இருக்கிறது. வருடா வருடம் புது மாணவர்களுக்கு அதைக் காட்டி, தான் தவறிய இடத்தையும் சேர்த்தே பாடம் நடத்துகிறார்.

அன்று பிளாஸ்டர் இறுகியதும் அச்சுகளை எடுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தோம். கரையில் ஜேசிபி உறும ஆரம்பித்திருந்தது. எஸ்தர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய கால்தடங்களின் பக்கத்திலேயே, மிதிக்காமல், மெல்ல நடந்தாள். குழந்தை நின்ற இடத்தைத் தாண்டினாள். ஆழமான தடங்களின் கூடவே பாறை முடியும் இடம்வரை போனாள். அங்கே கல் வெள்ளத்தில் உடைந்துபோயிருந்தது. அதற்கப்பால் வெறும் ஓடை மணல்.

அந்த விளிம்பில் நின்று திரும்பி என்னைக் கேட்டாள். "அப்புறம் எங்க மேடம் எறக்கி விட்டிருப்பாரு?"

நான் எழுந்து அவளிடம் போனேன். கடைசித் தடத்தின் பக்கத்தில் குனிந்து, விளிம்பு முழுக்க இன்னொரு முறை பார்த்தேன். சின்னக் கால் எங்கேயும் இல்லை. இரண்டு நாளில் அங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில், கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது அதற்கு மட்டும்தான்.

"கல்லு இருக்கற வரைக்கும் எறக்கி விடலம்மா" என்றேன்.